செத்தவன் எந்திரிக்கணும்

அமலண்ணா சொன்னதை நான் வருஷக்கணக்காகச் சந்தேகித்து வருகிறேன். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பிக்கொண்டேதான் சந்தேகித்தேன், பல் ஆடுவது தெரிந்தும் அந்தப் பக்கத்திலேயே வைத்து மெல்வதைப் போல. அவர் சொன்னது சின்ன விஷயம். என் அண்ணன் செங்கோடன் கீழ்பவானி வாய்க்காலில் செத்துப்போன அன்று மதியம், கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவரோடு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டில் ஒரு ஏரி வந்தது. பரிசல்காரன் ஒருவன் வந்து, இந்தக் கரையில் யாரை விட்டுவிட்டு வருகிறாய் என்று கேட்டான். அண்ணன் என் பெயரை அடித்தான். பரிசல் நகர்ந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அவ்வளவுதான் அவர் சொன்னது. சிரித்துக்கொண்டே போனவன் வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்காலில் கால் நனைக்க இறங்கியிருப்பான், பாசி வழுக்கியிருக்கும், தண்ணீர் திறந்துவிட்ட மாசம், இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்தச் சிரிப்பிலிருந்து மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் மற்றது எதுவும் நிற்காது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதி ஆயுளை வாழ்ந்து முடித்தாள். நானும் ஒரு விதத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாசம் ஈரோட்டில் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், எழுதிக்கொண்டே, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி? யாராவது தானா உயிரை...?" என்று கேட்டபோது, பக்கத்தில் என் மனைவி வளர்மதி உட்கார்ந்திருக்க, "இல்லீங்க டாக்டர், எங்கண்ணன் ஒருத்தன் வாய்க்கால்ல வழுக்கி விழுந்து போயிட்டான், அது விபத்து" என்று சொன்னேன். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னேன்? டாக்டர் பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாத்திரை எழுதினார்.

புரட்டாசியில் அண்ணன் செத்த நாளுக்குப் படையல் போடுவோம். அமலண்ணா சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், சூடம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார், ஆனால் அண்ணன் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பார். அப்புறம் படைத்த இலையில் அவரைத்தான் உட்கார வைப்போம். அது அம்மா வைத்த வழக்கம். அரிசிம்பருப்புச் சோறும் பச்சைப்பயிறு கடைசலும் அண்ணனுக்குப் பிடித்தவை. அவர் பிசைந்து முதல் வாய் வைத்ததும், எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா கேட்பாள்: "ஏஞ்சாமி, என்ற பையன் சிரிச்சுட்டுத்தான போனான்?" அவர் விழுங்கிவிட்டுச் சொல்வார்: "சிரிச்சுட்டுத்தானுங்கம்மா போனான்." ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். அவருடைய கோயிலில் சாமியார் ஒரு வரி சொல்ல, சனங்கள் மறுவரி சொல்வார்களே, அதைப் போல. தை மாசம் அம்மா போய்விட்டாள். இன்றைக்கு அவர் எதிரில் யாரும் உட்காரவில்லை. வளர்மதி பாயசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "அமலண்ணனுக்கு சுகர் இருக்குதே, வைக்கட்டுமா வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "வைம்மா, செத்தவனுக்குப் படைச்சதுல சுகர் ஏறாது" என்றார். சிரித்தோம். அவர் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், விழுங்கினார், இலையைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே, "சிரிச்சுட்டுத்தான் போனான்" என்றார். வளர்மதி கரண்டியோடு அப்படியே நின்றாள். கேட்க ஆளில்லாதபோதும் பதில் வருகிறது என்றால், இத்தனை வருஷமும் அவர் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்?

இப்போது சாப்பாடெல்லாம் முடிந்துவிட்டது. வளர்மதி உள்ளறையில் படுத்திருக்கிறாள். அமலண்ணா சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், குறட்டை வருகிறது, நின்றுபோகிறது, நிற்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன், மறுபடி வருகிறது. நான் சுவரோரம் கிடக்கும் மேஜையில், சுவரைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடிக்கணினியில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன். அதே விளையாட்டு. பழைய விளையாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைக்கிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். அம்மா காரியம் முடிந்த பிறகுதான் தேடத் தோன்றியது, அவள் இருந்தவரை தோன்றவில்லை, அல்லது தோன்றியும் தேடவில்லை. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். நீ ஒரு கோட்டை வாசலில் நிற்கிறாய், உன் பின்னால் ஒரு நாய் வருகிறது, என்று அது சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு, கதவைப் பார் என்று நாம் அடிக்க வேண்டும். ஆங்கிலம்தான். ஆனால் அண்ணன் வீட்டில் அதைச் சொன்னதெல்லாம் தமிழில், அதனால் எனக்குள் அது தமிழாகத்தான் நடக்கிறது. படகைக்கூட அவன் பரிசல் என்றுதான் சொல்வான். கோட்டைக்குள் மந்திரப் புத்தகம் ஒன்று கிடைக்கும். மந்திரம் போட்டால் பூட்டு திறக்கும், இருட்டு விலகும், ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலையாக ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். எந்தச் சொல் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். கொடுத்த பிறகு அந்தச் சொல் நமக்கில்லை, எத்தனை முறை அடித்தாலும் கேட்காது. நான் முதலில் 'பாடு' என்பதைக் கொடுத்தேன். இந்த வயதில் பாட என்ன இருக்கிறது. அப்புறம் 'முகர்'. அப்புறம், இரும்புக் கதவுக்கு, 'கூப்பிடு'. அதைக் கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் விரல் நகரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் அம்மா ஓடிக்கொண்டே செங்கோடா, செங்கோடா என்று கூப்பிட்டது, தண்ணீர் ஒரே சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது, அவள் குரல் எனக்கே கேட்கவில்லை, வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. ஒரு விளையாட்டுக்காரன் எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து எழுதியது இது. அவனுக்கு என் அம்மாவைத் தெரியாது.

அந்த சென்டர் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் இருந்தது. அமலண்ணா அங்கே வாத்தியார், அண்ணன் அவரிடம் படிக்கப் போனவன். ஒரே வயசு என்பதால் இரண்டாம் வாரமே வாடா போடா ஆகிவிட்டது. மதியத்தில் வகுப்பு கிடையாது, அப்போது இரண்டு பேரும் விளையாடுவார்கள். சில நாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும்போது நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் அறை கர்ப்பக்கிரகம் மாதிரி. ஏசி ஓடும், கனத்த திரை தொங்கும், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சுவரைப் பார்த்து மேஜை, அதன் முன்னால் ஒரு சுழல் நாற்காலி, பக்கவாட்டில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி. அடிக்கிறவன் சுழல் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி. மற்றவன் இரும்பு நாற்காலியில், பிரிண்டர் தாளின் பின்பக்கத்தில் கோட்டையின் வழிகளைப் படமாக வரைந்துகொண்டு. பிளாப்பியில் எதையும் சேமிக்க முடியாதபடி ஓட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள், அதனால் செத்தால் மறுபடி கோட்டை வாசலிலிருந்துதான். அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அண்ணன் அதை வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் பிரகடனம் மாதிரி சொல்வான்: "செத்தவன் எந்திரிக்கணும்." விளையாட்டில் செத்தால் சுழல் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும், மற்றவன் அதில் உட்காருவான். உயிரோடு இருக்கிறவன் எழக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். ஒருநாள் நான் போனபோது அண்ணன் தொடையை இறுக்கிக்கொண்டு நெளிந்தான். "டேய் அமலு, ஒன்னுக்கு முட்டுதுடா, ஒரு நிமிசம் போயிட்டு வந்தர்றேன்." "அதெல்லாம் ஆகாது. கோட்டைக் கிணத்துல குதிச்சுச் செத்துட்டுப் போ." "டேய், ரெண்டு மணி நேரமா உசுரோட கொண்டாந்திருக்கேன்டா." "அப்ப உக்காந்த எடத்துலயே போ." அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றில் குதித்தான், நீ இறந்துவிட்டாய் என்று பச்சை எழுத்து வந்தது, அவன் எழுந்து ஓடினான், அமலண்ணா சிரித்துக்கொண்டே சுழல் நாற்காலியில் விழுந்தார், அது அவரோடு ஒரு சுற்றுச் சுற்றியது. அப்படிச் சிரிக்கிறவர்களாகத்தான் அவர்கள் இருந்தார்கள். அதை நான் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அது சித்திரையில். ஆவணிக்குள் அண்ணன் வேறொருவனாகிவிட்டான். ராத்திரி தூக்கமில்லை என்று காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பான். சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பருக்கைகளைத் தள்ளித் தள்ளி வரிசையாக வைப்பான். கம்ப்யூட்டர் கண்ணுக்குச் சூடு என்று அம்மா உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, போதும்மா" என்பான், எண்ணெயைச் சொல்கிறானா வேறெதையாவதா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது வளர்மதி எனக்கு அதே எண்ணெயை வைக்கச் சொல்கிறாள். ராத்திரி தூக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது, ஒளிவிலகலோ நெம்புகோலோ, வாக்கியத்தின் நடுவில் சொற்கள் நின்றுவிடுகின்றன, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், நான் கரும்பலகையைப் பார்த்து நிற்கிறேன். வாய்க்கால் பாலத்தை வண்டியில் கடக்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பயம் விழுந்துவிடுவேன் என்பதல்ல. அந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று கை தானாக நினைக்கிறது, அதுதான் பயம். இது எனக்கு மட்டும் வந்ததா, அல்லது அண்ணனுக்கு வந்தது இப்போது எனக்கும் வந்திருக்கிறதா? எனக்கு மட்டும் என்றால் மாத்திரை, நடை, டாக்டர் சொல்கிறபடி ஏதாவது. அண்ணனுடையது என்றால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், எந்த மதகில் என்றுகூடத் தெரியும். அதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிரிப்பு உண்மையா என்பதைத்தான்.

நாய் உறுமுகிறது என்று திரை சொல்கிறது. எந்த வழியில் பொறி இருக்கிறதோ அங்கே அது உறுமும். நான் கிழக்கே போகாமல் மேற்கே போகிறேன். படி, மறுபடி படி, ஈரமான சுவர். செருப்பு. செருப்பிலிருந்துதான் என் சந்தேகம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அமலண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. அண்ணனுடைய செருப்பு. சென்டர் வாசலில் கிடந்ததாம். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பாரு, அத்தன அவசரமா வந்திருக்கறான், வயிறு பசிச்சிருக்கும்" என்றாள். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி வெயில், மதியம், தார் ரோடு. கால் சுடுமே. நாலு எட்டு வைத்ததும் நினைவு வந்துவிடுமே. சிரித்துக்கொண்டே போகிறவனுக்குக் கால் சுடாதா? எந்த ரோட்டிலும் கால் சுடாதவன் எப்படிப்பட்டவன்? அப்போது கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் மடியிலிருந்து அந்தச் செருப்பு விழுந்துவிடும் போலிருந்தது. அப்புறம் அமலண்ணா என்னைத் தனியே கூட்டிப் போய்த் தோளில் கைவைத்துச் சொன்னார்: "கடைசியா உன் பேரத்தான்டா அடிச்சான். யாரை விட்டுட்டு வர்றேன்னு பரிசல்காரன் கேட்டான், மாரப்பன்னு அடிச்சான். உன் நெனப்பாவேதான் இருந்திருக்கான்." நான் அழுதேன். அதை எத்தனை வருஷம் கையில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் திருப்பினால் ஆறுதல், என்னை நினைத்தான். மறுபக்கம் திருப்பினால், என்னை விட்டுவிட்டான், என்னைத்தான் விட்டுவிட்டான். கல்யாணத்தன்று, மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்தக் கரையில் நான் நிற்கிறேன், பரிசல் போகிறது.

ஏரி வந்துவிட்டது. அலை அடிக்கிறது, இறங்க முடியாது என்கிறது. அலையை அடக்கும் மந்திரம் புத்தகத்தில் இருக்கிறது. விலையாக ஒரு சொல். என்னிடம் மிச்சமிருப்பவற்றில் எது வேண்டாம்? 'திரும்பு' என்பதைக் கொடுத்தேன். இனி வந்த வழியே போக முடியாது. தண்ணீர் எண்ணெய்போல் அடங்கியது என்று எழுத்து வருகிறது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். மூடுபனிக்குள்ளிருந்து ஒருவன் வருகிறான், அவனுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல். இருவருக்குத்தான் இடம், நீங்கள் இருவர், எனக்கு ஒரு இடம் வேண்டும். இந்தக் கரையில் யாரை விட்டுவிட்டு வருகிறாய்? அமலண்ணா சொன்ன அதே கேள்வி. அப்படியானால் இதுவரை பொய்யில்லை. எனக்கு ஒரு கணம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பரிசல்காரன் உண்மை, கேள்வி உண்மை. நான் என் பெயரை அடித்தேன், ஆங்கில எழுத்தில், மெதுவாக, அண்ணனின் விரல் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு. அந்தச் சொல் எனக்குத் தெரியாது, என்றது திரை. பரிசல்காரன் காத்திருக்கிறான். எழுத்தை மாற்றி அடித்தேன். தெரியாது. தம்பி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். தெரியாது. காத்திருக்கிறான். வேறென்ன எதிர்பார்த்தேன்? இந்த யந்திரத்துக்குக் கொஞ்சம் சொற்கள்தான் தெரியும், விளக்கு, கதவு, நாய். மாரப்பன் என்று ஒருவன் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இயற்பியல் வாத்தியார் நான், இதை இத்தனை வருஷம் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை. அண்ணன் என் பெயரை அடித்திருக்கலாம். ஆனால் பரிசல் நகர்ந்திருக்காது.

சரி, ஏதோ ஒரு ஆறுதலுக்குச் சொன்னார். அழுகிற பையனிடம் வேறென்ன சொல்வார்கள்? பொய்யென்று சொல்லலாமா இதை? ஆனால் பரிசல் நகர்ந்தது என்றாரே. எதை அடித்தால் நகரும்? இந்த இடத்தைச் சேமித்து வைத்துவிட்டு, நாய் என்று அடித்தேன். நகர்ந்தது. நாய் கரையில் நின்று ஊளையிடுகிறது, உன்னால் அதைக் கூப்பிட முடியவில்லை, அந்தச் சொல் உன்னிடம் இல்லை, என்றது. அக்கரையில் இறங்கினேன். இன்னொரு வாசல், இன்னொரு இருட்டு, கோட்டை இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் அண்ணன் இங்கே ஏன் எழுந்தான்? விளையாட்டு முடிந்ததால் எழுந்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பரிசல் போனது, ஜெயித்தான், சிரித்தான், எழுந்தான். இங்கே ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறவன் எழக் கூடாது. மூத்திரம் முட்டினால்கூட. அது அவன் போட்ட சட்டம், அவன்தான் சோற்றின் முன்னால் பிரகடனம் செய்வான். எழுந்தான் என்றால் செத்திருக்கிறான். செத்தான் என்றால், அமலண்ணா உடனே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இரும்பு நாற்காலியில் இருப்பவனுக்கு வாசல் தெரியும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சுவரும் பச்சை எழுத்தும்தான். ஏசி சத்தத்தில் கால் சத்தம்கூடக் கேட்காது, அதுவும் செருப்பில்லாத கால். நான் சேமித்த இடத்துக்குத் திரும்பினேன். பரிசல்காரன் காத்திருக்கிறான். குறட்டை நின்றுவிட்டது. மறுபடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இது எங்க கெடச்சுது?" அமலண்ணா என் பின்னால் நிற்கிறார். தைலமும் பாயசமும் கலந்த வாசனை. "இப்பெல்லாம் எல்லாமே கெடைக்குதுங்கண்ணா." அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து படிக்கிறார், உதடு அசைகிறது. அதன் பிறகு அவர் ஒரு விளையாட்டையும் தொட்டதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார், பிறகு அவர் வேலை பார்த்த கல்லூரியில் பிள்ளைகள் விளையாடினால் எழுந்து போய்விடுவாராம். நான் அவர் பார்க்கும்படி என் பெயரை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவர் மூச்சு மட்டும் என் காதுக்கு மேல் வந்துபோனது. எவ்வளவு கிழவராகிவிட்டார் என்று அந்த மூச்சில் தெரிந்தது. வெயிலில் பஸ் ஏறி, சுகரை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் வந்து ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். இவரை நான் என்ன செய்யப் பார்க்கிறேன்? அம்மாவைக் காப்பாற்றினார். அல்லது அம்மா அவரைக் காப்பாற்றினாளா, அவள் கேட்கக் கேட்க அவருக்கே அந்தச் சிரிப்பு தெரிய ஆரம்பித்ததா? ரொம்ப மெதுவாக, "நாயை விட்டுட்டுப் போயிரு மாரா. அதான் வழி" என்றார். "தெரியுமுங்கண்ணா." நான் 'என்னை' என்று அடித்தேன். பரிசல் உன் நாயோடு போகிறது. நீ கரையில் நிற்கிறாய். அலையை அடக்கிய மந்திரம் தீர்கிறது. தண்ணீர் மேலே வருகிறது. இதற்கு உன்னிடம் சொல் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு வெற்று வரி. அப்புறம், நீ இறந்துவிட்டாய். என் நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது, வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. எழுந்தேன். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "செத்தவன் எந்திரிச்சாச்சுங்கண்ணா."

அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார முடிவு செய்ததாகத் தெரியவில்லை. முழங்கால் மடங்கியது, கை மேஜையைத் தேடியது, உட்கார்ந்துவிட்டார். மறுபடி தொடங்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அடித்தார். நீ ஒரு கோட்டை வாசலில் நிற்கிறாய், உன் பின்னால் ஒரு நாய் வருகிறது. அவர் விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. வடக்கு. வடக்கு. விளக்கை எடு. யோசிக்காமல் போகிறார், தாளில் வரைந்த வழியெல்லாம் உள்ளே எங்கோ அப்படியே இருந்திருக்கிறது. நான் வாசலுக்கு நடந்தேன். வெறுங்கால், சத்தம் வரவில்லை. வாசற்படியின் அந்தப் பக்கம் என் செருப்பு கிடக்கிறது, வெயில் அதன்மேல் விழுந்துகிடக்கிறது. இங்கிருந்து பார்த்தால் அவருடைய முதுகு தெரிகிறது, நரைத்த பிடரி, சட்டைக் காலர், அதற்கப்பால் சுவர். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. தட்டச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் போய்விட்டிருந்தால் இதற்குள் தெருமுனை தாண்டியிருப்பேன். தெருமுனையிலிருந்து வாய்க்கால் மேடு தெரியும். "அமலண்ணா" என்றேன். தட்டுவது நின்றது. தோள் அசைந்தது, முகம் திரும்பப் பார்த்தது. "திரும்பாதீங்கண்ணா. அப்படியே சுவத்தப் பாத்துட்டே சொல்லுங்க. நான் இப்ப சிரிச்சுட்டு நிக்கறனா, இல்லையா?"